எட்கார் அலன் போவும் கோதிக் மரபும்

மேனாட்டு இலக்கியம் பற்றிய நூல்களிலே ‘கோதிக்’ என்னும் சொல் அடிக்கடி வருதலை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பாழடைந்த மாளிகை, நள்ளிரவு, நிலவறை, கல்லறை, உலாவும் ஆவி ஆகியன ஒரு கதையிலே வந்துவிட்டால் அதனைக் கோதிக் கதை என்று கூறிவிடுதல் வழக்கம். அமெரிக்க எழுத்தாளரான எட்கார் அலன் போவின் சிறுகதைகளையும் கவிதைகளையும் அவ்வகையிலேயே சேர்ப்பர். அவ்வாறு சேர்த்தல் பிழையன்று. ஆயினும் அவருடைய புகழ்பெற்ற கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோர்க்கு வியப்பொன்று உண்டாகும். அவற்றுட் பலவற்றிலே பேய் என்று ஒன்று வருவதே இல்லை. பேயில்லாத கதைகள் கோதிக் கதைகள் ஆனது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண் அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். கோத் என்போர் பழைய ஜெர்மானிய இனத்தாருள் ஒரு பிரிவினர். இவர்களுள் ஒரு சாரார் கி.பி. 410 ஆம் ஆண்டிலே அலறிக் என்னும் தலைவனின் கீழ்த் திரண்டு உரோமாபுரியைச் சூறையாடினர். அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, இத்தாலியிலே மறுமலர்ச்சி தோன்றிய காலத்தில், வசாரி முதலிய அறிஞர்கள் இடைக்காலக் கட்டடக் கலையை நாகரிகம் அற்றோர் கலை என்று இகழ்ந்தனர். இகழ்வதற்கு அவர்களுக்குக் கிடைத்த பெயர் கோத் என்பதாகும். கூரிய வளைவுகளும், வானளாவிய கோபுரங்களும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட அத்தேவாலயங்களைக் கட்டியோர் கோத் இனத்தார் அல்லர். எனினும் வசையாகப் பிறந்த பெயரே நிலைத்துவிட்டது.

கட்டடத்துக்கு உரிய இப்பெயரைக் கதைக்கு உரியதாக்கியவர் ஹொறஸ் வோல்போல் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் முதற் பிரதமர் எனக் கொள்ளப்படும் றொபேட் வோல்போலின் மகன் இவர். இலண்டனுக்கு அணித்தாயுள்ள துவிக்கனம் என்னுமிடத்திலே தமது இல்லத்தைக் கோதிக் பாணியிலே ஒரு சிறு கோட்டை போல அமைத்து வாழ்ந்தார். ஒருநாள் இரவு அவர் கண்ட கனவிலே, பெரியதொரு மாடிப்படியின் உச்சியில், இரும்புக் கவசம் பூண்ட பேருருவக் கையொன்று தோன்றியதாம். அக்கனவினின்றும் பிறந்த கதையே ‘ஒற்றான்ரோக் கோட்டை’. அது 1764 ஆம் ஆண்டின் இறுதியிலே வெளிவந்தது. பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று முதலிற் பொய்யுரைத்த வோல்போல், 1765 இல் வந்த இரண்டாம் பதிப்பிலே உண்மையை ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்னும் துணைத்தலைப்பையும் அதற்குச் சூட்டினார். அக்கதையிலே மணநாளன்று மணமகன் மீது மாபெரும் தலைக்கவசமொன்று விழுந்து அவனை நசுக்கிக் கொல்கின்றது. பாட்டன் வஞ்சித்துக் கவர்ந்த கோட்டைக்குப் பேரன் விலை கொடுக்கின்றான். புதைந்துபோன பழி மீண்டெழுந்து வருதல் என்னும் இக்கருத்து அன்று தொட்டே கோதிக் கதையின் உயிர்நாடியாக இருந்து வருகின்றது.

வோல்போல் திறந்த வழியிலே பலர் சென்றனர். ஆன் றட்கிளிவ் என்னும் பெண்மணி 1794 இல் ‘உடொல்போவின் மருமங்கள்’ என்ற நாவலை நான்கு பாகங்களாக வெளியிட்டார். மத்தியூ லூயிஸ் 1796 இல் ‘துறவி’ என்ற நாவலை வெளியிட்டார். இக்கதைகளின் இயல்பைத் தமிழ் நேயர்கள் எளிதில் உணர்தற்குத் தொல்காப்பியம் ஓர் அளவுகோலைத் தருகின்றது. அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்துள்ளார் தொல்காப்பியர். கோதிக் நாவல்களிலே வரும் ஆவிகளும் சைத்தானும் அணங்கின்பாற்படும். மலைச்சாரலிலே பதுங்கியிருக்கும் கொள்ளைக் கூட்டத்தார் கள்வர். கன்னியரைச் சிறைவைக்கும் கொடுங்கோற் பிரபுக்கள் இறை. இவை யாவும் மனிதனுக்குப் புறத்தே நின்று அவனை அச்சுறுத்துவன. ஆகவே கதவைத் திறந்துகொண்டு கோட்டையை விட்டு ஓடிவிட்டால், அச்சத்தினின்றும் தப்பிவிடலாம் என்னும் நம்பிக்கையும் அக்கதைகளிலே உண்டு. இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் அலன் போ மாற்றியமைத்தது இதனையே.

இம்மரபு அமெரிக்காவுக்குச் சென்றபோது ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அங்கே கோட்டைகள் இல்லை. இடைக்காலத் துறவி மடங்களின் சிதைவுகளும் இல்லை. 1776 இல் விடுதலைப் பிரகடனம் செய்த அப்புதிய நாட்டிலே பாழ்மாளிகைக்கு எங்கே போவது? சார்ள்ஸ் பிறொக்டன் பிறவுண் என்பவர் 1798 இல் வெளியிட்ட ‘வீலண்ட்’ என்னும் நாவல் இதற்கு ஒரு வழி காட்டிற்று. பென்சில்வேனியாவிலே அமைதியாக வாழும் ஒருவன் ஆளில்லாக் குரல்களைக் கேட்கின்றான். இறைவனின் கட்டளை என்று நம்பித் தன் மனைவி மக்களையே கொன்றுவிடுகின்றான். கோட்டை இல்லாத நாட்டிலே மனிதனின் மூளையே அச்சத்துக்கு இடமாயிற்று. பிறவுண் தொட்டுக் காட்டிய இவ்விடத்தைத் தமது நிலமாக்கிக் கொண்டவர் அலன் போ.

அவர் 1809 ஆம் ஆண்டு சனவரி 19 ஆந் திகதி பொஸ்ரன் நகரிலே பிறந்தார். தாயும் தந்தையும் நாடக நடிகர்கள். தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். தாய் 1811 இல் றிச்மண்ட் நகரிலே நோயுற்று மாண்டாள். அப்பொழுது பிள்ளைக்கு மூன்று வயது நிறையவில்லை. புகையிலை வணிகரான ஜோன் அலன் என்பவரின் வீட்டிலே வளர்ந்தாராயினும், சட்டப்படி அவருடைய மகனாக ஏற்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் ஓராண்டும் நிறையவில்லை, படையிற் சேர்ந்தார், வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலிருந்து 1831 இல் நீக்கப்பட்டார். 1833 இல் பால்ரிமோர்ப் பத்திரிகையொன்று நடத்திய போட்டியிலே ‘புட்டியிற் கண்ட கையெழுத்துப்படி’ என்னும் கதைக்கு ஐம்பது டொலர் பரிசு பெற்றார். அதன்பின் பத்திரிகைத் தொழிலே அவருக்குச் சோறு போட்டது. அதுவும் அரைவயிற்றுச் சோறு. 1836 இல் தம் அத்தை மகளான வேர்ஜினியாவை மணந்தார். அவளுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. 1842 சனவரியிலே பாடிக்கொண்டிருந்த அவளுடைய வாயிலிருந்து குருதி வந்தது. கசநோயின் அடையாளம் அது. ஐந்து ஆண்டுகள் தேறுவதும் தளர்வதுமாக இருந்து, 1847 சனவரியிலே அவள் இறந்தாள்.

இவ்வாழ்க்கையைக் கேட்டவுடன், அவருடைய கதைகள் துயரத்தின் புலம்பல் என்று நாம் எண்ணிவிடக்கூடும். அங்ஙனம் எண்ணுதல் பொருந்தாது. அலன் போ தொழில் தெரிந்த எழுத்தாளர். எடின்பரோவிலிருந்து வெளிவந்த பிளாக்வுட் சஞ்சிகையின் திகிற் கதைகளை ஊன்றிக் கற்றவர். 1838 இல் அவற்றைக் கேலிசெய்து ஒரு நகைச்சுவைக் கதையும் எழுதியவர். எவ்வுத்தி எவ்விடத்தில் வாசகனை நடுங்க வைக்கும் என்பதையும், அதே உத்தி எவ்விடத்திற் சிரிப்புக்கு இடமாகும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1840 எனத் திகதியிட்டு வெளிவந்த அவருடைய முதற் கதைத் தொகுதியின் முன்னுரையிலே, தம் கதைகள் ஜெர்மானியத் திகிற் கதைகளின் வழிவந்தவை என்று குறைகூறியோருக்கு விடை இறுத்தார். தாம் எழுதும் அச்சம் எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவரப்பட்டதன்று, மனிதனின் ஆன்மாவிலிருந்தே எடுக்கப்பட்டது என்பது அவ்விடையின் சாரம். அவரை விளங்கிக்கொள்வதற்கு இதனினும் சிறந்த திறவுகோல் வேறில்லை.

இக்கூற்றின் உண்மையை ‘அஷர் இல்லத்தின் வீழ்ச்சி’ என்னும் கதையிலே காணலாம். இது 1839 செப்டெம்பரிலே வெளிவந்தது. இலையுதிர் காலத்து இருண்ட நாளொன்றிலே ஒருவன் குதிரையேறித் தன் பழைய நண்பன் றொடறிக் அஷரின் வீட்டுக்கு வருகின்றான். வீட்டின் முன்னே கரிய நீர்நிலை ஒன்று அசைவற்றுக் கிடக்கின்றது. கூரையிலிருந்து நீர்மட்டம் வரை வீட்டுச் சுவரிலே மெல்லிய வெடிப்பொன்று கோணலாக ஓடுகின்றது. உற்று நோக்குவோர்க்கே அது புலப்படும். உள்ளே றொடறிக்கும் அவனுடைய இரட்டைச் சகோதரி மடலீனும் வாழ்கின்றனர். உடல் விறைத்து உணர்வற்றுப் போகும் நோய் அவளுக்கு உண்டு. அவள் இறந்துவிட்டாள் என்று கருதி, நண்பர் இருவரும் அவளை வீட்டின் நிலவறையிலே வைத்து மூடுகின்றனர். சில நாட்கள் கழித்துப் புயல் வீசும் இரவொன்றிலே அவள் குருதி தோய்ந்த ஆடையுடன் கதவடியிலே வந்து நிற்கின்றாள். தமையன் மீது சாய்கின்றாள், இருவரும் மடிகின்றனர். வந்தவன் வெளியே ஓடுகின்றான். வெடிப்பு அகன்று, வீடு இரண்டாகப் பிளந்து, நீருள் அமிழ்கின்றது.

பழைய கோதிக் கதையின் உறுப்புக்கள் யாவும் இங்கே உள்ளன. பழமையான மாளிகை உண்டு, நிலவறை உண்டு, புயலும் உண்டு. ஆனால் கொள்ளையர் இல்லை, கொடுங்கோலன் இல்லை, பேயும் இல்லை. மடலீன் பேயல்லள், உயிருடன் புதைக்கப்பட்ட பெண். அவள் புதையறையிலே அசைந்ததைத் தான் பல நாட்களுக்கு முன்னரே கேட்டதாகவும், சொல்லத் துணியவில்லை என்றும் றொடறிக் இறுதியிலே கதறுகின்றான். கதையின் கொடுமை முழுவதும் அவ்வொரு வாக்குமூலத்திலே அடங்கியுள்ளது. அறிந்தும் அறியாததுபோல் இருந்த ஒரு மனத்தின் கதை இது. ‘இல்’ என்னும் சொல் தமிழிலே வீட்டையும் குடியையும் ஒருங்கே குறித்தல் போல, கதையின் ஆங்கிலத் தலைப்பிலுள்ள சொல்லும் இரண்டையும் குறிக்கும். வீடு விழும்போது அக்குடியின் கடைசி வாரிசும் விழுகின்றான். சுவரிலே ஓடிய வெடிப்பு அவனுடைய சித்தத்திலும் ஓடிய வெடிப்பேயாகும்.

இது நாமாகக் கற்பித்த பொருளன்று என்பதற்குக் கதையினுள்ளேயே சான்று உண்டு. றொடறிக் பாடுவதாக ஒரு கவிதை இடையே வருகின்றது. ‘ஆவி பிடித்த அரண்மனை’ என்பது அதன் பெயர். அதே ஆண்டிலே முன்னரே தனியாகவும் வெளிவந்திருந்தது. பசும் பள்ளத்தாக்கிலே நின்ற எழிலார்ந்த அரண்மனை ஒன்று தீய உருவங்களின் கையிற் சிக்கிச் சீரழிவதை அது கூறுகின்றது. ஊன்றிப் படித்தால் அந்த அரண்மனை ஒரு மனிதத் தலை என்பது விளங்கும். கூரைமேல் அசையும் பொற்கொடிகள் தலைமயிர்; ஒளிவீசும் சாளரங்கள் இரண்டும் கண்கள்; முத்தும் மாணிக்கமும் பதித்த வாயில் பல்லும் இதழுமாம்; உள்ளே அரியணையில் இருந்த வேந்தன் அறிவு. சிதைவுற்ற மூளையையே தாம் கருதியதாக அலன் போ 1841 இல் எழுதிய கடிதமொன்றிலே தெளிவாகக் கூறியுள்ளார். கதை மாளிகையைச் சொல்லி மனத்தை உணர்த்துகின்றது. கவிதை அம்மறைபொருளை வெளிப்படையாக்குகின்றது.

மாளிகையே வேண்டா, மனம் ஒன்றே போதும் என்னும் நிலைக்கு அவர் விரைவிலே வந்து சேர்ந்தார். 1843 சனவரியில் வெளிவந்த ‘காட்டிக்கொடுத்த இதயம்’ சில பக்கங்களே கொண்ட கதை. அதிலே ஊரின் பெயரில்லை; மனிதரின் பெயரும் இல்லை. தன்னைப் பைத்தியக்காரன் என்று எவரும் எண்ணலாகாது என்ற வேண்டுகோளுடன் ஒருவன் பேசத் தொடங்குகின்றான். கிழவர் ஒருவரிடம் அவனுக்குப் பகையில்லை; அவருடைய பொருளிலும் ஆசையில்லை. கழுகின் கண்போன்ற அவருடைய ஒரு கண்ணைக் காணப் பொறாமல் அவரைக் கொன்று, உடலைத் தரைப் பலகைகளின் கீழே மறைக்கின்றான். விசாரிக்க வந்த காவலரை அதே அறையிலே அமர்த்தி, பிணத்துக்கு மேலேயே தன் நாற்காலியை இட்டு உரையாடுகின்றான். அப்பொழுது பலகையின் கீழிருந்து இதயத் துடிப்பு ஒன்று அவனுக்குக் கேட்கின்றது. அது வளர்கின்றது. காவலருக்கு அது கேட்கவில்லை. தாங்க மாட்டாமல் அவனே கத்தித் தன் குற்றத்தை வெளியிடுகின்றான். வோல்போலின் கதையில் மூதாதையின் பழி வானிலிருந்து கவசமாக விழுந்தது. இங்கே கொலைஞனின் பழி அவன் காதுக்குள்ளேயே முரசறைகின்றது. தொல்காப்பியர் கூறிய நான்கு நிலைக்களன்களோடு தன் நெஞ்சு என்னும் ஐந்தாவதையும் நாம் இங்கே வைத்து எண்ண வேண்டியதாகின்றது. அதனிடமிருந்து ஓடித் தப்புதற்குக் கதவு ஏது?

புறத்தே கதவை அடைத்துக்கொண்டாலும் பயனில்லை என்பதை 1842 மே மாதத்தில் வந்த ‘செம்மரணத்தின் முகமூடி விருந்து’ காட்டுகின்றது. கொள்ளைநோயால் நாடு அழியும் வேளையிலே, அரசனொருவன் தன் நண்பர் ஆயிரவருடன் அரணமைந்த மடமொன்றினுள்ளே புகுந்து, இரும்புக் கதவுகளின் தாழ்களை உருக்கி ஒட்டிவிடுகின்றான். ஏழு வண்ண அறைகளிலே விருந்து நடக்கின்றது. ஏழாவது அறை கறுப்பு. அதன் சாளரம் மாத்திரம் குருதிச் சிவப்பு. அங்குள்ள கருங்காலிக் கடிகாரம் மணியடிக்குந்தோறும் இசையும் நடனமும் நின்று, அனைவரும் முகம் வெளுக்கின்றனர். நள்ளிரவிலே அழையாத விருந்தாளியாக நோயே அங்கு வந்து நிற்கின்றது. அரண் என்று எண்ணியது பொறியாய் முடிகின்றது.

இத்தகைய விளைவைச் சில பக்கங்களிலே உண்டாக்க அவரால் முடிந்தமைக்குக் காரணம், சிறுகதையின் இலக்கணத்தை அவர் ஆராய்ந்து தெளிந்திருந்தமையே. ஹோதோர்ண் என்னும் ஆசிரியரின் கதைத் தொகுதிக்கு 1842 இல் எழுதிய மதிப்புரையிலே, கதை ஒரே அமர்வில் வாசித்து முடிக்கத் தக்கதாயிருத்தல் வேண்டும் என்றார். ஆசிரியர் முதலிலே ஓர் உணர்ச்சி விளைவைத் தேர்ந்துகொண்டு, முதல் வாக்கியந் தொட்டு ஒவ்வொரு சொல்லையும் அதற்கே உரியதாக அமைத்தல் வேண்டும் என்றார். றட்கிளிவின் நான்கு பாகங்களிலே சிதறிக் கிடந்த திகிலை அலன் போ ஒரு மணி நேரத்துக்குள் அடக்கினார். வாசகனும் இடையில் எழுந்து செல்ல வழியின்றி அடைபட்டுப் போகின்றான். கோதிக் கதையின் மூடிய அறை இவ்வாறு கதையின் வடிவமாகவே ஆகிவிட்டது.

இனிக் கவிதைகளை நோக்குவோம். 1845 சனவரி 29 ஆந் திகதி நியூ யோர்க் நாளிதழொன்றிலே வெளிவந்த ‘அண்டங்காக்கை’ அவருக்கு ஒரே நாளிலே புகழைத் தேடித் தந்தது; செல்வத்தைத் தரவில்லை. மார்கழி நள்ளிரவிலே, இறந்துபோன காதலியை மறக்கப் புத்தகம் படித்துக் கொண்டிருக்கும் ஒருவனின் அறைக்குள் அண்டங்காக்கை ஒன்று புகுந்து, வாயிலின் மேலுள்ள அறிவுத் தெய்வத்தின் சிலைமீது அமர்கின்றது. ‘இனி இல்லை’ என்று பொருள்படும் ஒரு சொல்லே அதற்குத் தெரியும். பழக்கத்தினால் வந்த சொல் அது என்பதை அவனும் உணர்கின்றான். உணர்ந்தும், அச்சொல்லே விடையாக வந்து தன்னைப் புண்படுத்தும் வண்ணம் வினாக்களைத் தொடுக்கின்றான். இத்துயர் தீருமா? அவளை மறுமையிலே காண்பேனா? பறவை அவனை வதைக்கவில்லை. அவனே தன்னை வதைத்துக்கொள்கின்றான். அறிவுத் தெய்வத்தின் தலைமேல் கரிய பறவை அமர்ந்திருத்தல், அரண்மனையிலே அறிவு வேந்தன் வீழ்ந்ததற்கு ஒப்பானதே.

இக்கவிதையைத் தாம் கணக்குப் போட்டு இயற்றியதாக 1846 இல் ஒரு கட்டுரை எழுதினார் அலன் போ. ஏறக்குறைய நூறு அடிகள் என முதலிலே அளவு வகுத்தாராம், அமைந்தவை நூற்றெட்டு. மீண்டும் மீண்டும் வரும் சொல்லை ஓசை நோக்கித் தேர்ந்தாராம். அதனைக் கூறுதற்குக் கிளியை முதலில் எண்ணிப் பின் அண்டங்காக்கையைத் தேர்ந்தாராம். எல்லாம் கூறியவாறே நிகழ்ந்ததா என்று ஐயுறுவோர் பலர். எனினும் வெறியின் குரலை எழுதுவதற்குத் தெளிந்த மதி வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

மனைவி மாண்ட ஆண்டின் இறுதியிலே ‘யூலலூம்’ வெளிவந்தது. ஐப்பசி இரவிலே தன் ஆன்மாவோடு உரையாடிக்கொண்டு நடக்கும் ஒருவன், எங்கே செல்கின்றோம் என்பதை அறியாமலே, சென்ற ஆண்டு அதே இரவிலே தன் காதலியை அடக்கஞ் செய்த கல்லறையின் வாயிலை அடைகின்றான். மனம் மறந்ததைக் கால்கள் மறக்கவில்லை. கடலோரக் கல்லறையைப் பாடும் ‘அனபெல் லீ’ அவர் இறந்து இரண்டு நாட்களின் பின்னரே அச்சேறியது.

1849 ஒக்ரோபர் 7 ஆந் திகதி பால்ரிமோரிலே அவர் இறந்தார். வயது நாற்பது. இறந்த பின்னும் அவருக்கு ஓர் அநீதி நேர்ந்தது. அவருடைய நூல்களைப் பதிப்பிக்கும் பொறுப்பை ஏற்ற றூபஸ் கிறிஸ்வோல்ட் என்பவர், அவர்மீது பகைமை கொண்டவர். புனைபெயரிலே இழிவான இரங்கலுரை ஒன்றை எழுதினார். 1850 இல் எழுதிய வரலாற்றிலே கடிதங்களைத் திரித்தும் புனைந்தும் சேர்த்தார். கதைகளிலே பேசும் பித்தனும் கொலைஞனும் ஆசிரியரே என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. ஆதர் ஹொப்சன் குயின் என்னும் அறிஞர் 1941 இல் வெளியிட்ட வரலாற்று நூலே மூலக் கடிதங்களை அருகருகே வைத்து அப்புரட்டுக்களைத் தக்க சான்றோடு வெளிப்படுத்தியது. இதனிடையே பிரான்சிலே போதலேயர் என்னும் கவிஞர் அவருடைய கதைகளை மொழிபெயர்த்து, அவரைக் கலைஞராகவே போற்றினார். தாய்நாடு மறுத்த நீதியைப் பிறநாட்டுக் கவிஞர் வழங்கினார்.

இவ்வரலாற்றிலே நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. பித்தனின் குரலிலே ஒரு கதை பேசினால், எழுதியவனும் பித்தன் என்று முடிவுசெய்தல் வாசகர் செய்யும் பெரும் பிழை. அச்சத்தை எழுதியவர் அச்சத்துக்கு அடிமையானவர் என்பதில்லை. அதனை அளந்து, அடிவரையறுத்து, சொற்களுள் அடக்கியவர் அவர்.

ஆகவே தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். அலன் போவின் எழுத்துக் கோதிக் ஆனது பேய்களால் அன்று. மூடிய இடம், புதைத்தது மீண்டு வருதல், அறிவு தன் ஆட்சியை இழத்தல் ஆகிய மூன்றும் அம்மரபின் எலும்புக்கூடு. வோல்போல் அவற்றைக் கோட்டையிலே வைத்தார். அலன் போ மனித நெஞ்சிலே வைத்தார். கோட்டைகள் இடிந்து போயின. கோட்டைக் கதைகளை இன்று படிப்போர் மிகச் சிலர். நெஞ்சோ இருந்தவாறே இருக்கின்றது. நள்ளிரவிலே தன் குற்றத்தை எண்ணி ஒருவன் விழித்திருக்கும் வரையும், இறந்தோரை மறக்க முடியாமல் ஒருவன் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருக்கும் வரையும், அவருடைய கதைகளுக்கும் கவிதைகளுக்கும் வாசகர் இருப்பர்.